பதின்மூன்றாவது வாரம்: ஃபியாலுரிடின் மருந்துச் சோதனை (1993) – ஒரு நிகழ்வு ஆய்வு

1993 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் பெதெஸ்டாவில் இருக்கும் என்ஐஎச் எனப்படும் தேசிய சுகாதார நிறுவனத்தில், நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள 15 பேருக்கு ஃபியாலுரிடின் என்ற புது மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 24 வாரம் கொடுப்பதாகத் திட்டம். பதின்மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் மாற்றுக் கல்லீரல் பொருத்திப் பிழைத்தார்கள். மருந்து வேலை செய்யவில்லையா என்றால், பிரமாதமாக வேலை செய்தது. ரத்தத்தில் வைரஸ் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

மருந்தியல் பாடத்தில் இந்தச் சம்பவத்துக்கு ஒரு வரிதான் இடம்: ‘மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் மருந்துக்கு எடுத்துக்காட்டு, ஃபியாலுரிடின்.’ மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு. தேர்வுக்கு அந்த வரி போதும். ஆனால் அந்த வரி எதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த மருந்தின் தீங்கு நோயின் வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. கல்லீரல் நோயாளிக்குக் கல்லீரல் கெட்டால் யார் மருந்தைச் சந்தேகிப்பார்கள்?

அப்போது கையில் இருந்தவை

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே விலகிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் கதை வேறு. பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். தங்கியபின் இருபது முப்பது வருடம் எந்தத் தொந்தரவும் தெரியாமல் போகலாம். ரத்த தானம் செய்யப் போன இடத்திலோ, விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்திலோ, கர்ப்பகாலப் பரிசோதனையிலோ ‘பாசிட்டிவ்’ என்று சொல்லும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். அப்புறம் ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆகும், சிலருக்குப் புற்றுநோய் வரும். பெதெஸ்டாவில் சோதனைக்குச் சேர்ந்தவர்களும் கல்லீரல் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த நிலையில் வந்தவர்கள்தான். சாகக் கிடந்தவர்கள் யாரும் அவர்களில் இல்லை. இதை மறந்துவிட்டு இந்த நிகழ்வை எடைபோட முடியாது.

அந்தக் காலத்தில் சிகிச்சை என்றால் இண்டர்ஃபெரான் ஊசி. ஹெபடைட்டிஸ் பி-க்கு அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததே 1992 இல்தான். நான்கு மாதம் போட வேண்டும். காய்ச்சல், உடம்புவலி, முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று ஆளை அடித்துப் போட்டுவிடும். அவ்வளவு பட்டும் மூன்றில் ஒருவருக்குத்தான் பலன்.

இண்டர்ஃபெரான் மருத்துவர்களுக்கு ஒரு பாடத்தையும் கற்றுக்கொடுத்திருந்தது. ஊசி போட ஆரம்பித்துச் சில வாரங்களில் சிலருக்கு ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு திடீரென்று எகிறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கல்லீரல் கெடுவதுபோல இருக்கும். உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு வைரஸ் குடியேறிய செல்களை அழிக்க ஆரம்பித்திருக்கும். அப்படி எகிறி இறங்கியவர்களுக்குத்தான் பெரும்பாலும் வைரஸ் அடங்கியது. ஆகவே எஸ்ஜிபிடி ஏறினால் பயப்படாதே, அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது அந்தத் துறையில் ஊறிப்போன அனுபவம். சரியான அனுபவம்தான். ஆனால் அதுவே பிறகு கண்ணை மறைத்தது.

நம் பக்கத்திலும் அப்போது ஒரு நம்பிக்கை துளிர்த்திருந்தது. 1988 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி பற்றிய ஆய்வு ஒன்றை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்பது முடிவு. மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கும் ஊரில் இந்தச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு பல இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறிய எண்ணிக்கை, குறுகிய காலம், பெரிய நம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாதுவான உதாரணம். ஃபியாலுரிடின் அவ்வளவு சாதுவாக இல்லை.

மருந்து வந்த வழி

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஜாக் ஃபாக்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் 1970களின் இறுதியில் செய்யப்பட்ட வேதிப்பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. டிஎன்ஏவைக் கட்டப் பயன்படும் நான்கு அடிப்படைத் துண்டுகளில் ஒன்று தைமிடின். அதில் ஓர் இடத்தில் ஃபுளூரினையும் இன்னோர் இடத்தில் அயோடினையும் வைத்தால் ஃபியாலுரிடின். வைரஸின் நொதி இதைத் தைமிடின் என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளும், அதன் டிஎன்ஏ கெடும். யோசனை அவ்வளவுதான்.

முதலில் ஹெர்பிஸ் வகை வைரஸ்களுக்காகத்தான் முயன்றார்கள். எச்ஐவி உள்ளவர்களுக்கு இதையும் இதன் தாய்ப்பொருளான ஃபியாசிடபினையும் கொடுத்துப் பார்த்தபோது, ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த வைரஸ் வேகமாக இறங்கியது. அதிலிருந்து பாதை திரும்பியது. ஒக்லாசன் என்ற சிறிய நிறுவனம் மருந்தை வைத்திருந்தது, பிறகு எலை லில்லி சேர்ந்துகொண்டது. எச்ஐவியும் சேர்ந்திருந்தவர்களுக்கு முதலில் இரண்டு வாரம், அடுத்து ஹெபடைட்டிஸ் பி மட்டும் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். நான்கே வாரத்தில், அதுவும் வாயால் உண்ணும் மருந்தில், வைரஸ் அவ்வளவு இறங்கி யாரும் பார்த்ததில்லை. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் ஏறவில்லை.

ஆறு மாதம் கொடுத்தால் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று தோன்றியது. யாருக்கும் தோன்றும்.

ஆய்வை நடத்தியவர் ஜே ஹூஃப்நேகிள். கல்லீரல் வைரஸ் சிகிச்சையில் அன்று அவரைவிட அனுபவசாலிகள் அதிகம் பேர் இல்லை. இன்று ஹெபடைட்டிஸ் சி என்று நாம் சொல்லும் நோய்க்கு, அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்படும் முன்பே, 1986 இல் பத்துப் பேருக்கு இண்டர்ஃபெரான் கொடுத்துப் பலன் காட்டியவர் அவர். கத்துக்குட்டிகள் கையில் மருந்து சிக்கி நடந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் கடைசி

சோதனை மார்ச் இறுதியில் தொடங்கியது. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.10 மில்லிகிராம் ஒரு பிரிவுக்கு, 0.25 மில்லிகிராம் இன்னொரு பிரிவுக்கு. ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளி வருவார். உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வைரஸ் அளவு எல்லாம் பார்ப்பார்கள். இன்றைய அளவுகோலிலும் இது நெருக்கமான கண்காணிப்புதான்.

ஜூன் கடைசியில், பதின்மூன்றாவது வாரம், ஒரு நோயாளிக்குத் திடீரென்று கல்லீரல் செயலிழந்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் குவிந்திருந்தது. அந்த இரண்டாவது செய்திதான் பயங்கரமானது. செல்கள் ஆற்றல் தயாரிக்க முடியாமல் திணறும்போது சேரும் பொருள் அது. ஹெபடைட்டிஸ் பி கிளர்ந்தெழுந்து கல்லீரல் கெடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த காட்சி. ஆனால் அந்தக் காட்சியில் லாக்டிக் அமிலம் முன்வரிசையில் வராது. உடனே சோதனையை நிறுத்தி, எல்லா நோயாளிகளையும் போனில் அழைத்து மருந்தை விடச் சொன்னார்கள்.

மருந்து நின்றது, பாதிப்பு நிற்கவில்லை. அதற்குப் பின் வந்த நாட்களிலும் வாரங்களிலும், வீட்டில் மருந்தை நிறுத்திவிட்டு இருந்தவர்களுக்கு ஒருவர்பின் ஒருவராகக் குமட்டலும் சோர்வும் வந்தன. மஞ்சள் ஏறியது, ரத்தம் உறையும் தன்மை குறைந்தது. மொத்தம் ஏழு பேருக்குக் கடுமையாக, மூன்று பேருக்கு லேசாக. சிலருக்குக் கணையம் அழன்றது, சிலருக்குக் கைகால் நரம்பு பாதித்து மரத்துப்போனது, சிலருக்குத் தசை பலவீனமானது. மருந்தைச் சில வாரங்களே உண்டிருந்தவர்கள் பெரிய சேதமில்லாமல் தப்பினார்கள். ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் போய்விட வேண்டிய மருந்து, நிறுத்திப் பல வாரங்கள் கழித்தும் ஆளைக் கொன்றது என்பதுதான் அன்று மருத்துவர்களுக்குப் புரியாத புதிர். எதிர்மருந்து எதுவும் கிடையாது. மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி. அதிலும் கல்லீரலை மாற்றலாம், கணையத்தையும் நரம்பையும் தசையையும் எங்கே போய் மாற்றுவது?

பயாப்ஸியில் பார்த்தது

கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது கிடைத்த படம் விசித்திரமானது. வைரஸ் கிளர்ச்சியில் கல்லீரல் செல்கள் செத்துக் கிடக்கும், சுற்றிலும் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். இங்கே செத்த செல்கள் மிகக் குறைவு. கல்லீரலின் அமைப்பும் குலையவில்லை. செல்களுக்குள் கொழுப்பு நிறைந்திருந்தது, அதில் பெரும்பகுதி பொடிப்பொடித் துளிகளாக. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் உருக்குலைந்து தெரிந்தன. மில்லின் கட்டடம் இடியவில்லை, கரண்ட்தான் போயிருந்தது.

இதை நின்று பார்க்க வேண்டும். எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் உடைந்தால்தான் அது ரத்தத்தில் கொட்டும். செல் உடையாமல், உள்ளே ஆற்றல் தீர்ந்து செயலற்றுப்போனால் எஸ்ஜிபிடி பெரிதாக ஏறாது. நாம் எல்எஃப்டி என்று எழுதி அனுப்புகிற கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் முதலில் கண் போவது அந்த எண்ணின் மேல்தான். இந்த வகைச் சேதத்தில் நம்பவே கூடாத எண் அது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபினும், ரத்த உறைவு நேரமும், லாக்டேட் என்ற லாக்டிக் அமில அளவும்தான் உண்மையைச் சொல்லும். அவற்றில் லாக்டேட்டை வெளிநோயாளியாக வந்துபோகும் ஒருவருக்கு வாராவாரம் யாரும் பார்ப்பதில்லை, அன்றும் இன்றும்.

செல்லுக்குள் நடந்ததைப் பிறகு வந்த ஆய்வுகள் ஒவ்வொன்றாக அவிழ்த்தன. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாகச் சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு, 16,569 எழுத்து நீளம். ஆற்றல் தயாரிக்கும் இயந்திரத்தின் 13 புரதங்களுக்கான குறிப்பு அதில் இருக்கிறது. அதைப் படியெடுப்பது பாலிமரேஸ் காமா என்ற நொதி. ஃபியாலுரிடினைத் தைமிடின் என்று ஏமாந்தது வைரஸின் நொதி மட்டுமல்ல, இந்த நொதியும்தான். ஏஇசட்டி போன்ற எச்ஐவி மருந்துகள் டிஎன்ஏ இழையில் நுழைந்தால் இழை அதற்கு மேல் வளராமல் அங்கேயே நின்றுவிடும். ஃபியாலுரிடின் நுழைந்தால் இழை நிற்காது. அதற்கு மேலும் வளரும், மருந்தும் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பல ஃபியாலுரிடின்கள் அடுத்தடுத்து அமரும் இடங்களில் படியெடுப்பு தடுமாறும் என்று 1996 இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். புதிய படிகள் குறைந்துகொண்டே போகும். இருக்கிற பழைய புரதங்கள் தேயும்வரை செல் சமாளிக்கும், வெளியே எதுவும் தெரியாது. சரக்கு தீர்ந்த அன்றைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படும். இரண்டு வாரச் சோதனையும் நான்கு வாரச் சோதனையும் ஏன் எதையும் காட்டவில்லை, நிறுத்திய பிறகும் ஏன் நிற்கவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது.

விலங்குகளில் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். எலி, நாய், குரங்கு என்று மனித அளவைவிடப் பல மடங்கு கொடுத்தும் இப்படிப்பட்ட கல்லீரல் செயலிழப்பு தெரியவில்லை. எலியில் ஏன் தெரியவில்லை என்பதற்கு 2006 இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அழகான விளக்கம் தந்தார்கள். மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கடத்திச்செல்லும் ஒரு புரதம் மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இருக்கிறது, எலியுடையதில் இல்லை. கதவே இல்லாத வீட்டில் திருடன் வரவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். 2014 இல் ஸ்டான்ஃபோர்டில் மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்த சுண்டெலிகளுக்கு ஃபியாலுரிடின் கொடுத்தபோது, 1993 இல் மனிதர்களுக்கு நடந்த மாதிரியே நடந்தது.

வுட்சக் என்ற வட அமெரிக்க விலங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு ஹெபடைட்டிஸ் பி போன்ற சொந்த வைரஸ் ஒன்று உண்டு என்பதால் இந்தத் துறையில் அது பிரபலம். சம்பவத்துக்குப் பிறகு அதற்குப் பல வாரங்கள் தொடர்ந்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகப் போய், வாரங்கள் கழிந்து தீனி குறைந்து, கல்லீரல் கெட்டுச் செத்தன. அதுவும் கொறிவிலங்கு இனம்தான். ஆக, சரியான விலங்கு ஒன்று இருந்தது. போதுமான வாரங்கள் முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முன்பே தெரிந்திருக்க வேண்டாமா

சம்பவத்துக்குப் பின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஃபியாலுரிடினும் ஃபியாசிடபினும் கொடுக்கப்பட்ட எல்லாப் பழைய சோதனைகளின் தாள்களையும் எடுத்து மறுபடி படித்தது. படித்தவர்கள் ஒரே ஒரு விதியை மாற்றிக்கொண்டார்கள்: எந்தக் கெடுதி நடந்திருந்தாலும் அதற்கு மருந்துதான் காரணம் என்று முதலில் வைத்துக்கொள், பிறகு பார். அப்படிப் படித்தபோது, தனித்தனியாக வேறு காரணம் சொல்லி மூடப்பட்டிருந்த சம்பவங்கள் வரிசையாக நின்றன. நான்கு வாரச் சோதனையில் இருந்த ஒருவர் மருந்து முடிந்து மாதங்கள் கழித்துப் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்திருந்தார். எச்ஐவி உள்ளவர்களிலும் சாவுகள் இருந்தன. அன்றைய எச்ஐவி நோயாளி இறந்தால் எச்ஐவியால் இறந்தார் என்று எழுதுவதுதான் இயல்பு. எஸ்ஜிபிடி ஏறியவர்களுக்கு வைரஸ் விலகப்போகிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஒவ்வொரு குறிப்பும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. எழுதிய மருத்துவர் அலட்சியக்காரர் அல்ல. ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்குக் கல்லீரல் கெட்டால் ஹெபடைட்டிஸ் பி காரணம் என்று சொல்வது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகத்தான் இருக்கும். சோதனை மருந்து உண்டவர் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடயம் எனக்கு நெடுநாளாக உறுத்துவது. 1990 இல், ஏஇசட்டியை நீண்ட காலம் உண்டவர்களுக்கு வரும் தசைநோய் மைட்டோகாண்ட்ரியா கெடுவதால் வருகிறது என்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. எழுதியவர் மரினோஸ் டலகாஸ். அவர் வேலை செய்ததும் இதே என்ஐஎச்சில்தான். வேறு எச்ஐவி மருந்துகளில் நரம்புப் பாதிப்பும் கணைய அழற்சியும் அன்றே தெரிந்தவை. தசை, நரம்பு, கணையம். ஃபியாலுரிடின் தாக்கிய அதே பட்டியல், கல்லீரலைத் தவிர. ஆனால் அது எச்ஐவிக்காரர்கள் படிக்கும் கட்டுரை, இது கல்லீரல்காரர்கள் நடத்தும் சோதனை. பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பக்கத்து வார்டில் என்ன நடக்கிறது என்பது நமக்கும் மாதாந்திரக் கூட்டத்தில்தான் தெரியும்.

விசாரணைகள் மூன்று நடந்தன, மூன்றும் ஒத்துப்போகவில்லை. எஃப்டிஏ விதிமீறல்களைச் சுட்டிக்காட்டி 1994 இல் ஆய்வுக் குழுவுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சந்தேகத்துக்குரிய சம்பவங்களை அறிவிக்கும் விதிகளைக் கடுமையாக்கவும் அதே ஆண்டு முன்மொழிந்தது. என்ஐஎச் தானாக அமைத்த குழு, சோதனை முறையாகவே நடந்தது என்றது. 1995 இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கையும், கையில் இருந்த தகவலை வைத்து இதை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது என்ற பக்கமே சாய்ந்தது.

என் கருத்தில் இரண்டு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். தனியாக ஒரு மருத்துவர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளியை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. எல்லாச் சோதனையின் எல்லா நோயாளிகளையும் ஒரே மேசையில் பரப்பி வைத்திருந்தால்? கண்டுபிடித்திருக்கலாம். அப்படிப் பரப்பிவைப்பது யாருடைய வேலை என்று அன்று எங்கும் எழுதப்படவில்லை. நான்கு வாரச் சோதனையில் இருந்தவர்களை மருந்து முடிந்தபின் ஆறு மாதம் விடாமல் பார்ப்பதும் கட்டாயமாக இல்லை. இன்னொன்று, என் ஊகம் மட்டும்: 15 பேரையும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துச் சேர்க்காமல் முதல் மூன்று பேரை ஆறு மாதம் ஓடவிட்டுப் பார்த்திருந்தால், இத்தனை பேர் ஒரே சமயத்தில் அந்த ஆபத்தான வாரங்களுக்குள் போயிருக்க மாட்டார்கள். நேரம் ஆகும், செலவு ஆகும், நிறுவனம் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் தெரிந்ததுதான்.

ஹூஃப்நேகிள் துறையை விட்டு ஓடவில்லை. மருந்துகளால் கல்லீரல் கெடுவதைப் பதிவுசெய்து ஆராயும் வலையமைப்பு ஒன்றை என்ஐஎச் 2003 வாக்கில் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2012 இல் வந்த லிவர்டாக்ஸ் தளமும் அவர் முன்னின்று செய்தது. எந்த மருந்து கல்லீரலை எப்படிக் கெடுக்கும் என்று இன்று சந்தேகம் வந்தால் உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் திறப்பது அதைத்தான். ஃபியாலுரிடினுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது.

பிறகு வந்த மாத்திரைகள்

இதைப் படித்துவிட்டு, ஹெபடைட்டிஸ் பி-க்காகத் தினமும் ஒரு டெனோஃபோவிர் அல்லது எண்டெகாவிர் மாத்திரை உண்பவர்கள் பதற வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்தவே வேண்டாம். இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள் ஒரு நிரந்தர டிஎன்ஏ வளையத்தை வைத்திருக்கிறது. மாத்திரைகள் அதன் படியெடுப்பைத்தான் தடுக்கின்றன, வளையத்தை அழிப்பதில்லை. திடீரென்று விட்டால் வைரஸ் எகிறிக் கல்லீரலைக் கவிழ்த்த சம்பவங்கள் உண்டு.

1993 க்குப் பிறகு, டிஎன்ஏவின் துண்டுபோல நடிக்கும் இவ்வகை மருந்து புதிதாக எது வந்தாலும் பாலிமரேஸ் காமாவைத் தொடுகிறதா என்று ஆய்வகத்திலேயே பார்ப்பது வழக்கமானது. 1998 இல் ஹெபடைட்டிஸ் பி-க்கு அனுமதி பெற்ற லாமிவுடின் இயற்கையான துண்டின் கண்ணாடிப் பிம்பம் போன்ற அமைப்புடையது. வைரஸின் நொதி அதை ஏற்கும், மனித மைட்டோகாண்ட்ரியாவின் நொதி பெரும்பாலும் ஏற்காது. பாதுகாப்பில் அது ஜெயித்தது, வேறு இடத்தில் தோற்றது. ஐந்து ஆண்டில் பத்தில் ஏழு பேருக்கு வைரஸ் அதற்குப் பழகிப்போனது. 2005 இல் எண்டெகாவிர், 2008 இல் ஹெபடைட்டிஸ் பி-க்கும் டெனோஃபோவிர் என்று வந்தபிறகு அந்தப் பிரச்சினையும் பெரிதும் தீர்ந்தது. இரண்டும் பாலிமரேஸ் காமாவை ஏறக்குறைய தொடுவதே இல்லை. இந்தியாவில் 2018 ஜூலை 28 இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். எண்டெகாவிர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் லாக்டிக் அமிலம் பற்றிய எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள். சிரோசிஸ் முற்றியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது மிக அபூர்வம். அந்த வாசகம் அங்கே வந்து உட்கார்ந்த வழி பெதெஸ்டா வழியாகவும் போகிறது.

ஆனால் கதை 1993 இல் முடிந்துவிடவில்லை. ஃபியாலுரிடின் உடம்பில் சிதையும்போது எஃப்எம்ஏயூ என்ற பொருளாகவும் மாறும். அந்த எஃப்எம்ஏயூவின் கண்ணாடிப் பிம்பத்தையே ஒரு மருந்தாக்கினார்கள், பெயர் கிளெவுடின். பிம்பம் என்பதால் பாதுகாப்பு என்று கணக்கு. ஆய்வகச் சோதனைகளில் பாலிமரேஸ் காமாவை அது தொடவில்லை. 24 வாரச் சோதனைகளில் வைரஸ் நன்றாக இறங்கியது, பெரிய தீங்கு தெரியவில்லை. 2006 இல் தென்கொரியாவில் அனுமதி கிடைத்து நோயாளிகள் கைக்குப் போனது. எட்டு மாதம், பத்து மாதம், ஒரு வருடம் உண்டவர்கள் மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று வர ஆரம்பித்தார்கள். தசை பயாப்ஸியில் மைட்டோகாண்ட்ரியா கெட்டிருந்தது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த பெரிய சோதனையை ஃபார்மாசெட் நிறுவனம் 2009 ஏப்ரலில் நிறுத்தியது. மாத்திரையை விட்டதும் பெரும்பாலானோருக்குத் தசைவலு மெல்லத் திரும்பியது.